வாயிலில் நிற்கும் தாய்



சென்ற மாதம் என் பெயருக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை மட்டும் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. முட்டுக்காட்டிலிருந்து ஓர் இளந்தாய் எழுதியது அது. அவளுடைய அனுமதியோடு அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகன். பிறவியிலேயே கால்கள் தளர்ந்தவன். ஊன்றுகோலின் துணையோடு மெல்ல நடப்பான். பேச்சும் சற்றுத் தாமதித்தே வரும். எனினும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கேட்ட கதையை வீட்டில் வந்து திருப்பிச் சொல்கிறான். முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில், பல்வகைக் குறைபாடுகள் உடையோரின் மேம்பாட்டுக்கென நடுவண் அரசு 2005ஆம் ஆண்டில் அமைத்த தேசிய நிறுவனம் இருப்பதை நம்மில் பலர் அறிவோம். அங்கே மகனுக்குப் பயிற்சி பெற வேண்டும் என்பதற்காகவே அக்குடும்பம் தொலைவிலுள்ள தன் சொந்த ஊரை விட்டு வந்து, சிறு வாடகை வீடொன்றில் குடியேறியது. கணவர் கோவளத்தில் படகு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பின், "இனி இவன் மற்றப் பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளியில் படிக்கலாம்" என்று பயிற்சியாளர்கள் கூறினர். தாயின் உள்ளம் குளிர்ந்தது. புதுப் புத்தகப் பை ஒன்றும் வாங்கிவிட்டாள்.

ஆனால் பள்ளி அலுவலகத்தின் வாயிலை அவளால் தாண்ட இயலவில்லை. முதல் நாள், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத் தாளே தர முடியாது என்றார்கள். ஊரில் அவன் சிறிது காலம் படித்த தனியார் பள்ளியோ, கட்டணப் பாக்கியைக் காட்டி அச்சான்றிதழைத் தர மறுக்கிறது. இரண்டாம் நாள், பிள்ளையின் ஆதார் அட்டை எங்கே என்றார்கள். மூன்றாம் நாள், மேசைக்குப் பின்னால் இருந்தவர் பையனின் கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றுதான் பக்கத்திலேயே பெரிய நிறுவனம் இருக்கிறதே, இங்கே எதற்குக் கூட்டி வந்தாய்?" என்று கேட்டாராம். பையன் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்று மாலை அவன், தன் புதுப் பையைப் பரணில் வைத்துவிடும்படி தாயிடம் சொன்னான்.

"ஐயா, பொறுத்துப் போவதே கிறிஸ்தவப் பெண்ணுக்கு அழகு என்கிறார் என் மாமியார். சண்டையிட்டால் பிள்ளையைச் சேர்த்த பிறகு அவன்மேல் பழி தீர்த்துக்கொள்வார்கள் என்று அஞ்சுகிறார் என் கணவர். நான் வாய் மூடி இருப்பதா, எதிர்த்துக் கேட்பதா? அது நம்மவர்கள் நடத்தும் பள்ளி என்பதால் எனக்கு வருத்தம் இரட்டிப்பாக இருக்கிறது" என்று முடிகிறது கடிதம். பள்ளியின் பெயரை அவள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நான் இங்கே வெளியிட்டிருக்க மாட்டேன். ஒரு பள்ளியைச் சுட்டிவிட்டால் மற்றப் பள்ளிகளெல்லாம் நிம்மதியாக உறங்கிவிடும் அன்றோ?

மேசைக்கு மறுபக்கம்

மகளே, உனக்கு அறிவுரை சொல்லுமுன் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மறைமாவட்டப் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். நீ நின்ற மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்தவன்.

ஜூன் மாதத்தில் அந்த நாற்காலி எத்தகையது என்பது வெளியார்க்குத் தெரியாது. புதிய சேர்க்கை ஒருபுறம், வெளியேறுவோரின் சான்றிதழ்கள் மறுபுறம். ஆசிரியர்களின் ஊதியப் பட்டியல், உதவித்தொகைப் படிவங்கள், கல்வி அலுவலகம் உடனே கேட்கும் புள்ளிவிவரங்கள். இவற்றுக்கிடையே வரிசையில் நிற்கும் அறுபது பெற்றோர். சேர்க்கைப் பதிவேட்டில் ஒருமுறை எழுதிய பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை அப்படியே தொடரும். ஓர் எழுத்துப் பிழையால் பின்னாளில் வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ அலைந்தவர்களை நான் அறிவேன். எனவே எழுத்தர் ஒருவர் பெயரின் எழுத்துகளை மூன்று முறை கேட்டால், அது கடுமை அன்று, கடமை. இதைப் பெற்றோர் உணர வேண்டும்.

ஆயினும் கடமை என்ற போர்வையில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூன் மாதம், கடலோரக் குடிசையிலிருந்து ஒரு தாய் தன் ஆறு வயது மகனை அழைத்து வந்தாள். பிறப்புச் சான்றிதழ் இல்லை. சேர்க்கை நாளும் கடந்திருந்தது. "நாளைக்கு வா" என்றேன். மறுநாள் வந்தாள், வேறொரு தாளைக் கேட்டேன். மூன்றாம் நாளும் வந்தாள். பெரியவர் ஊரில் இல்லை என்றேன். நான்காம் நாளும் மணியடிக்கும் வரை திண்ணையில் காத்திருந்துவிட்டுப் போனாள். அதன்பின் அவள் வரவில்லை. அந்த வாரமே பங்குத் தந்தையிடம் சொல்லியிருந்தால் திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து வயதை எடுத்திருக்கலாம். தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சேர்த்திருப்பார். நான் சொல்லவில்லை. அந்நாளில் நான் கெட்டவனாக இருந்தேன் என்று எனக்குத் தோன்றவில்லை, களைத்திருந்தேன், அவ்வளவே. ஆனால் என் களைப்பின் விலையைச் செலுத்தியது அந்தப் பிள்ளை.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2006இல், ஓர் இளைஞர் தம் மகளைச் சேர்க்க வந்தார். முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் இறால் பிடிப்பவர். உப்பு நீரில் ஊறி வெடித்த விரல்களால் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக என்முன் அடுக்கினார். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, குடும்ப அட்டை, எல்லாவற்றிலும் மூன்று மூன்று நகல்கள். "இவ்வளவு தேவையில்லையே, தம்பி" என்றேன். "ஐயா, எங்கம்மா இந்தத் திண்ணைக்கு நாலு நாள் நடந்தாங்க. எம் பொண்ணுக்கு ஒரே நாள்ல முடியணும்னுதான் எல்லாத்தையும் கொண்டாந்தேன்" என்றார். அவர் முகத்தில் சினம் இல்லை. அதுதான் என்னை மிகவும் சுட்டது. அவர் மகளை அன்றே சேர்த்தேன். அவருடைய ஆறு வயதை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

வேதம் காட்டும் வாயில்

உன் மாமியாரின் கூற்றுக்கு வருகிறேன். பொறுமை புண்ணியம்தான். ஆனால் பொறுமையும் மௌனமும் ஒன்றல்ல. புனித லூக்காவின் நற்செய்தியில் பதினெட்டாம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாக வாசித்துப் பாருங்கள். ஒரே அதிகாரத்தில் மூன்று வாயில்களை அங்கே காண்பீர்கள். தொடக்கத்தில், நீதி கேட்டு நடுவரிடம் ஓயாது வந்துகொண்டிருந்த கைம்பெண். நடுவில், குழந்தைகளை ஆண்டவரிடம் கொண்டுவந்த பெற்றோரும், அவர்களை அதட்டிய சீடர்களும். இறுதியில், எரிகோ வழியில் குரலெழுப்பிய பார்வையற்றவரும், அவரை வாயடைக்கச் சொன்ன கூட்டமும். அந்தக் கைம்பெண்ணின் விடாமுயற்சியை நம் ஆண்டவர் மன்றாட்டுக்கே எடுத்துக்காட்டாக வைத்தார். பார்வையற்றவர் இன்னும் உரக்கக் கூவியபோது, நின்று அவரை அழைத்துவரச் சொன்னார்.

அந்தச் சீடர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர். போதகர் களைத்திருக்கிறார், நேரம் போதாது, ஒழுங்கு வேண்டும் என்று எண்ணியிருப்பார்கள். என்னைப் போன்ற எழுத்தர்களின் நியாயமும் அதுவே. ஆயினும் அங்கே இயேசு சினங்கொண்டார் என்று புனித மாற்கு எழுதுகிறார். பரிசேயர்மீது சினந்ததை நாம் அடிக்கடி பேசுகிறோம். குழந்தைகளை வாயிலில் தடுத்த தம் சொந்தச் சீடர்கள்மீது சினந்ததை ஏனோ குறைவாகவே பேசுகிறோம்.

எனவே, மகளே, நீ கேட்பது குற்றமன்று. பகையின்றிக் கேள், ஆனால் விடாது கேள்.

சட்டம் சொல்வது என்ன?

கேட்பவர் தம் உரிமையை அறிந்து கேட்க வேண்டும். ஆறு முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி, வயதுச் சான்று இல்லை என்றோ, சேர்க்கை நாள் கடந்துவிட்டது என்றோ பிள்ளையைத் திருப்பி அனுப்பலாகாது. பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதும், நன்கொடை கேட்பதும் தண்டனைக்குரியவை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க இயலாது. கட்டணப் பாக்கிக்காக அச்சான்றிதழைப் பிடித்து வைப்பது முறையன்று என்பதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் தெளிவாக்கியது. ஆதாரைப் பொறுத்தவரை, பள்ளிச் சேர்க்கைக்கு அதனைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உன் மகனுக்கு இவற்றினும் நெருங்கிய சட்டம் ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அரசு நிதி பெறும் பள்ளியாயினும், அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளியாயினும், இத்தகைய பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு, ஆறு முதல் பதினெட்டு வயது வரை, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கல்வி பெறும் உரிமை உண்டு. எது வேண்டும் என்று தெரிவு செய்வது பிள்ளையின் பக்கம். அலுவலக மேசையின் பக்கம் அன்று. பக்கத்தில் நிறுவனம் இருப்பது உண்மையே. அது அவனை ஊரோடு சேர்த்து வைக்கப் பாடுபடும் நிறுவனம். அதன் பெயரைச் சொல்லியே அவனை ஊரிலிருந்து விலக்குவது எவ்வளவு முரண்!

எப்படிப் பேசுவது?

இனி நடைமுறைக்குரிய சில. இவை எல்லாப் பெற்றோருக்கும் பொருந்தும்.

காலை மணியடிக்கும் வேளையிலும் மாலை வீடு திரும்பும் வேளையிலும் அலுவலகம் செல்லாதீர்கள். முற்பகல் பதினொரு மணியளவில் எழுத்தருக்குச் சற்று மூச்சுவிட நேரம் இருக்கும். மூலச் சான்றுகளைக் காட்டுங்கள். நகல்களை மட்டும் கொடுங்கள். திருமுழுக்கில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்பது நம் குடும்பங்களில் மிகுதி. பள்ளிக்குப் போகுமுன்பே எந்தப் பெயர், எந்த எழுத்துகள் என்பதை முடிவு செய்துவிடுங்கள். பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயர் இல்லாதிருந்தால், ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், பதினைந்து ஆண்டுகள் வரை சிறு தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் நாளும் அதன்பின்னும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழே முதன்மை ஆவணமாக இருக்கும். எனவே தொட்டிலில் பிள்ளை இருக்கும்போதே அதனைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

மறுக்கப்பட்டால் குரலை உயர்த்தாதீர்கள்; தாளை எடுங்கள். "ஐயா, என்ன குறைகிறது என்பதை இதில் எழுதிக் கொடுங்கள், கொண்டுவருகிறேன்" என்று பணிவாகக் கேளுங்கள். வாயால் எளிதாக மறுக்கிறவர், எழுத்தில் மறுக்குமுன் இருமுறை எண்ணுவார். உங்கள் வேண்டுகோளையும் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். விவாதம் வரும் என்று தோன்றினால் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லாதீர்கள். எழுத்தரோடு முடியாததைத் தலைமை ஆசிரியரிடமும், நம் பள்ளியாயின் தாளாளரிடமும், பின்னர்ப் பங்குத் தந்தையிடமும் கொண்டு செல்லுங்கள். அதற்கும் பயனில்லையேல் வட்டாரக் கல்வி அலுவலர், செங்கற்பட்டிலுள்ள முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் ஆகியோர் இருக்கின்றனர். முறையிடுவது பகைமை அன்று. எழுத்தில் உள்ள முறையீடு பிள்ளைக்குப் பாதுகாப்பே. மேலதிகாரியின் பார்வை பட்ட பிள்ளைமீது பழி தீர்க்க எவரும் எளிதில் துணியார். இதை உன் கணவரிடம் சொல்.

இன்னொன்று. காரியம் முடிந்தபின், அந்த எழுத்தருக்கு நன்றி கூறிவிட்டு வா. ஆண்டு முழுதும் அந்த அலுவலகத்தில் நன்றி என்ற சொல் எத்தனை முறை ஒலிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நம் பள்ளிகளின் வாயில்

இறுதியாக, நம் பள்ளிகளை நடத்துவோருக்கு ஒரு சொல். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரியானதா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு விடுத்தனர். வழக்கு எவ்வாறு முடியினும் முடியட்டும். அரசியல் சட்டத்தின் முப்பதாம் பிரிவு நமக்குத் தந்தது நம் பண்பைக் காத்துக்கொள்ளும் உரிமை. அந்தப் பண்பு யாது? 1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, ஏழைகளுக்கும், குடும்பத்தின் அரவணைப்பு அற்றவர்களுக்கும், நம் விசுவாசத்தைச் சேராதவர்களுக்கும் கத்தோலிக்கப் பள்ளி தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்றது. சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தாத இடத்தில் நற்செய்தி நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

1597ஆம் ஆண்டு உரோமை நகரில் புனித ஜோசப் கலசான்ஸ், தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிகளில் சேர்க்க முயன்றார். கேட்ட இடங்களிலெல்லாம் மறுப்பே கிடைத்தது. அதனால் திரஸ்தேவரே பகுதியிலுள்ள ஒரு கோவிலின் அறைகளில் தாமே இலவசப் பள்ளியைத் திறந்தார். 1948இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைக் கிறிஸ்தவப் பொதுப் பள்ளிகளின் பாதுகாவலராக அறிவித்தார். நம் கத்தோலிக்கப் பள்ளிகளின் பாதுகாவலர், பிறர் சேர்க்க மறுத்த பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியவர். அவருடைய படத்தை மாட்டிய சுவரின்கீழ் அமர்ந்து பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது தகுமா?

என் பழைய தோழர்களாகிய அலுவலக உதவியாளர்களிடம் மூன்றே வேண்டுகோள். வரும் தாய்க்கு அமர ஒரு நாற்காலி போடுங்கள். என்னென்ன வேண்டும் என்பதை முதல் நாளே ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றாய்ச் சொல்லி நாள்தோறும் நடக்க வைக்காதீர்கள். பிள்ளையின் குறையைப் பிள்ளையின் காதுபடப் பேசாதீர்கள். இவற்றுக்குப் பணமும் வேண்டா, அரசாணையும் வேண்டா. தாளாளர்களே, சேர்க்கை நாள்களில் அரை மணி நேரமாவது அந்த வரிசையின் அருகே நில்லுங்கள். அறிக்கைகள் சொல்லாதவற்றை அங்கே கேட்பீர்கள்.

கோடையில் முட்டுக்காட்டுக் கழிமுகத்தை மணல் மூடிவிடுவதுண்டு. அப்போது உள்ளிருக்கும் நீர் கடலைக் காண இயலாது, கடல் நீரும் உள்ளே வராது. மீனும் இறாலும் குன்றும். அதன் கரையில் வாழும் மக்கள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை; வாய் திறக்கும் வரை ஓயார். நம் பள்ளி வாயிலில் களைப்பும் அலட்சியமும் சேர்த்த மணலும் அத்தகையதே. அது தானாக விலகாது. உள்ளிருப்போரும் தோண்ட வேண்டும், வெளியே நிற்போரும் தோண்ட வேண்டும்.

மகளே, அந்தப் புத்தகப் பையைப் பரணிலிருந்து இறக்கி வை. திங்களன்று மீண்டும் போ. தனியே போகாதே, உன் அன்பியத்திலிருந்து ஒருவரை உடன் அழைத்துக்கொள். ஆண்டவர் உன்னோடு அந்த வரிசையில் நிற்பார். உன் மகன் சேர்ந்த நாளை எனக்கு எழுது, நான் காத்திருப்பேன்.